ஒரே பெயர், இரண்டு வள்ளம்

மேஸ்திரி,

இன்று காலை எடப்பாடியில் ஒரு தறிக்கூடம் கட்டக் காரை அரைத்தோம். சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் விழுந்ததும் எழுந்த வாசனை என்னை நேரே நாம் கட்டிய அந்த ஆற்றுப்பாலத்தில் உங்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

கீழ்க்கரையில் ஆத்தூர் ஆட்களோடு நீங்கள். மேல்கரையில் சங்ககிரி ஆட்களோடு நான். இரண்டு பக்கமும் வளைத்துக்கொண்டு வந்து நடுவில் சேர வேண்டிய கமான் வளைவு. ஒரு கோஷ்டியின் கலவையை இன்னொரு கோஷ்டி கேட்காது, கேட்டாலும் சொல்லாது. அதில் நமக்கெல்லாம் என்ன வீராப்பு!

நடுக்கல் வைக்கிற சமயத்தில் நீங்கள் எல்லோரும் பார்க்க ஆற்றைக் கடந்து வந்தீர்கள்.

"என் காரை இறுகல. நகத்தால கீறினா உதிருது. நீங்க எப்படிக் கலக்கறீங்க?"

சொல்லாதே என்று என் ஆட்கள் கண்ணைக் காட்டினார்கள். விழுகிற கமான் உங்கள் பாதி, என் பாதி என்று பார்த்தா விழும்?

"சூளையில அளந்து வர்ற ஒரு வள்ளம் சுண்ணாம்புக்கு ரெண்டு வள்ளம் மணலுங்க."

"நானும் அதேதானே போடறேன்!"

திருதிருவென்று விழித்தோம். நீங்கள் உங்கள் அளவுப் பாத்திரத்தை, அந்த வள்ளத்தையே எடுத்துவரச் சொன்னீர்கள். என் வள்ளம் நிறைய மணலை அதில் கொட்டினேன். விளிம்புக்கு வரவே இல்லை! இரண்டு கரைக்கும் சுண்ணாம்பு எங்கள் ஊர்ச் சூளையிலிருந்து, எங்கள் ஊர் வள்ளத்தில் அளந்து வந்தது. மணலை நீங்கள் உங்கள் ஊர் வள்ளத்தில், பெரியதில், அளந்து கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். நாம் சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் பறந்தது.

இறுகாத பகுதியைப் பிரித்து இரண்டு கோஷ்டியும் சேர்ந்தே மறுபடி கட்டினோம். கமானைத் தாங்கிய மரச்சாரம் பிரிக்கும்போது மேஸ்திரிகள் கமானுக்கு அடியில் நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

"பயமா இருக்குதுங்களா?" என்றேன்.

"இப்பதான் ரெண்டு பாதியும் தெரியுமே."

கடைசி மரமும் விழுந்தது. தலைக்கு மேல் தூசிகூட உதிரவில்லை! உங்களைக் கட்டிக்கொண்டு கத்தினேன் மேஸ்திரி, தொண்டை கட்டும் வரை கத்தினேன்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்பதை மனது இன்னும் ஒப்பவில்லை. இன்று பக்கத்துச் சுவர் மேஸ்திரி என் கலவையைக் கேட்கத் தயங்கி நின்றார். நானே கூப்பிட்டு, வள்ளத்தையும் அவர் கையில் கொடுத்துச் சொன்னேன். என் ஆட்கள் முறைத்தார்கள். கேட்க வெட்கப்படாத ஒரு மனிதரால்தான் நான் இன்று உயிரோடு நிற்கிறேன் என்று இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

அதையும் உரக்கவே சொல்லிவிட்டேன்.