நாலு வருஷ வாய்தா

27 ஜூன் 1983

இரண்டு கார்டுகள் ஒரே தபாலில் வந்தன. ஒன்று மதுரைக் கல்லூரி, இன்னொன்று திருநெல்வேலி. இரண்டிலும் சிவில் என்ஜினீயரிங்குக்கு நேர்முகம். கேட்டது கிடைத்துவிட்டது, எதை எடுக்க என்று இனிமேல்தான் குழப்பம்.

அம்மா வழக்கம்போல, "டீச்சர் ட்ரெயினிங் போதும்ட்டி முத்து. என்ஜினீயருக்கு நான் எங்கன போய் மாப்பிள்ளை தேட?" என்றாள். ஆச்சரியம் அப்பாதான். "அவ சிவில்தான் படிக்கணும். வேற பேச்சு கெடையாது" என்று ஒரே போடாகப் போட்டார். என் அப்பா சண்முகையாவுக்கு எப்போதிருந்து என் படிப்பில் இவ்வளவு அக்கறை? கேட்டால் காரியம் கெட்டுவிடும். கேட்கவில்லை.

30 ஜூன்

கோர்ட்டு நாள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுப் போய், அடுத்த மாசம் 27க்கு வாய்தா வாங்கி வந்தார்.

அப்பாவுக்கும் காசி சித்தப்பாவுக்கும் வரப்புத் தகராறு. நான் மூணாம் வகுப்பில் இருந்தபோது போட்ட வழக்கு. ஒரு தடவை ஆள் வந்து அளந்ததற்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி அளந்ததற்குச் சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சே கிடையாது. அம்மாவும் சித்தியும் மட்டும் கோவிலில் பார்த்தால் பேசிக்கொள்வார்கள். "எந்தச் சாமி பெரிசுன்னு சண்டை போட்ட பாம்பு ராசாக்க சங்கனும் பதுமனுமே நம்ம கோவில் அம்மை தபசு இருந்ததும் அடங்கிட்டானுவ. இவுக ரெண்டு பேரும் அடங்க மாட்டாவ" என்பாள் அம்மா.

8 ஜூலை

மதுரை போய் வந்தோம். பழைய பெரிய கல்லூரி, ஹாஸ்டல், வரிசையாக வேப்பமரம். எல்லாம் நன்றாக இருக்கிறது. ஏனோ மனசு ஒட்டவில்லை. அப்பா வாட்ச்மேனிடம் தனியாக என்னவோ கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார்.

14 ஜூலை

திருநெல்வேலி. எப்படி எழுத?

முதலில் நல்லதை எழுதிவிடுகிறேன். கல்லூரிக் கட்டடம் பாதிதான் நிற்கிறது. மாடியில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. அஸ்திவாரக் குழியில் கயிறு கட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். நான் பார்த்தபடியே நின்றுவிட்டேன். படிக்கிற படிப்பு கண் முன்னால் எழும்பினால் எப்படி இருக்கும்! இதுதான் என் கல்லூரி என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நேர்முகமும் நன்றாகவே போனது. வெளியே வந்தால் அப்பா ஆபீஸ் ஜன்னலில் குனிந்து, "ஐயா, இங்கன சிவில் மட்டும்தானா, கிரிமினலும் உண்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உள்ளே ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வரிசையில் நின்றவர்களும். அப்பாவும் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் சிவில் என்றால் வரப்பு வழக்கு. அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் நாங்கள் கேட்டதே இல்லை. என்னை வக்கீலாக்கப் போவதாக அல்லவா இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்!

பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

15 ஜூலை

இன்றும் பேசவில்லை.

17 ஜூலை

பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம். "கட்டடம் கட்டுததுக்கு எதுக்குட்டி காலேஜ்? நம்ம கேஸை நீ எடுத்துப் பேசுவன்னுல்லா நெனைச்சேன்." சரிப்பா, மதுரைக்காவது விடுங்க என்றேன். மதுரையும் வேண்டாமாம். அம்மா டீச்சர் ட்ரெயினிங்கை மறுபடி எடுத்துவிட்டாள்.

நான் என்ன செய்தேன்? ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் அது என் குற்றமா? கோபமா வருது. அவரைப் பாத்து நாலு பேர் சிரிச்சது அதைவிடக் கஷ்டமா இருக்கு. இரண்டு இடத்திலும் சீட்டு உண்டு, சேருவதற்குக் கடைசி நாள் 29. அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

23 ஜூலை

கோவிலில் ஆடித் தபசுக் கூட்டம். ஊரே திருவிழாவில் இருக்கிறது, எனக்குத்தான் எதுவும் ஏறவில்லை. அம்மா எனக்காக நேர்ந்து, கோவிலை நூற்றெட்டுத் தடவை ஆடிச்சுற்று சுற்றினாள். டீச்சராவதற்கா, என்ஜினீயராவதற்கா என்று கேட்டேன். "கோவில்ல இருக்க அம்மைக்குத் தெரியும், நீ வாயை மூடு" என்றாள்.

சுற்றும்போது சித்தியிடம் கிரிமினல் கதையைச் சொல்லிவிட்டாளாம். சித்தி சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டாளாம். போச்சு. இனி சித்தப்பா காதுக்குப் போய், அவரும் சிரித்து, அது அப்பாவுக்குத் தெரிந்து... இந்த அம்மாவை என்ன செய்ய?

27 ஜூலை

நம்ப முடியவில்லை. அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

கோர்ட்டு வராந்தாவில் சித்தப்பா தானாக வந்து பக்கத்தில் நின்றாராம். "ஏண்ணே, பிள்ளையச் சேத்தாச்சா?"

அப்பா கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டாராம்.

"அது நெலம் அளக்குத படிப்புல்லா. பின்ன ஏன் யோசிக்க? வெளியாள் அளந்தா நான் ஒத்துக்கிட மாட்டேன். முத்து அளந்து கல்லு நட்டான்னா ஒத்துக்கிடுதேன்."

"நாலு வருசம் ஆகும்லே."

"இவ்வளவு நாளு கெடந்த கேஸுதானே. இன்னும் நாலு வருசம் கெடக்கட்டும்."

இரண்டு பேருமாகப் போய் அவரவர் வக்கீலிடம் வாய்தா கேட்கச் சொன்னார்களாம். வக்கீல்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். சொல்லும்போது அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு கேட்டார்: "ரெண்டுல எது மக்கா?"

திருநெல்வேலி என்றேன். அவர் முகம் வாடியது. "அங்கனயா?" என்றார். அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்திருக்கும். பாவமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை. "கட்டடம் பாதிதான்ப்பா நிக்குது. நான் படிச்சு முடிக்கும்போது அதுவும் முடிஞ்சிரும்" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, போவம்."

29 ஜூலை

சேர்ந்தாகிவிட்டது.

அதே ஜன்னல், அதே ஆள். அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு உதட்டைக் கடித்தார். அப்பா நிதானமாக, "சிவில் மட்டும் போதும்யா. கிரிமினலை நாங்க வீட்டுலயே பாத்துக்கிடுதோம்" என்றார். இந்தத் தடவை அப்பாவும் சேர்ந்தே சிரித்தார்.

8 ஆகஸ்ட்

முதல் நாள். சிவிலில் பெண்கள் மூன்று பேர்தான்.

காலையில் பஸ்ஸில் கூட்டம் நெரித்தது. ஜன்னல் வழியாக அப்பா துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்திருந்தார். ஏறிப் பார்த்தால் அதே சீட்டில் இன்னொரு துண்டு. கீழே அந்தப் பக்கம் சித்தப்பா நின்றுகொண்டு வேறெங்கோ பார்க்கிறார். அப்பா இந்தப் பக்கம் நின்றுகொண்டு வேறெங்கோ பார்க்கிறார்.

இரண்டு துண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.