இரண்டு முறை எழும்பிய விமானம்

இன்று காலை தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புளித்த வாடை வீட்டுக்குள் வந்ததும் தறியை விட்டு எழுந்துவிட்டேன். முன்பெல்லாம் எனக்கு அது ஒரு வாடையாகவே தெரியாது. இப்போது மூக்கில் ஏறினால் உன் நினைப்புதான் வருகிறது.

நாம் இருவரும் ஒரே தெருவில் நெய்தவர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் ரிமோட்டில் பறக்கும் உன் குட்டி விமானத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே ஓடிவிடுவோம். தரையிலிருந்து ஏற்றுவது உனக்குச் சலித்துவிட்டது. ஏரி நிரம்பியதும், "சக்கரத்தைக் கழட்டிட்டு மிதவை மாட்டலாம்பா, தண்ணியிலேர்ந்து ஏறணும்" என்றாய். தெர்மாகோலை இழைத்து இரண்டு மிதவைகள் செய்து, அடிப்பக்கம் ஒரு படி வெட்டினாய். "இந்தப் படி இல்லன்னா தண்ணி வுடாது, புடிச்சிக்கினே இருக்கும்." விமானத்தை விரலில் நிறுத்திப் பார்த்து, எடை நிற்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் படி வருமாறு குறித்தாய்.

மாட்டுவதற்குள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய். வேலை என் தலையில் விழுந்தது. கம்பியில் கட்டச் சொல்லியிருந்தாய். நான்தான் அதிமேதாவி ஆயிற்றே, கஞ்சி போட்ட பாவு நூலால் வரிந்து கட்டினேன். காய்ந்ததும் கல் மாதிரி நின்றது. நம்ம ஊர்ப் பட்டு நூலா அறுந்துபோகும் என்ற திமிர்.

திருப்பருத்திக்குன்றம் தாண்டி ஏரியில் விட்டேன். பட்டு அறுந்துபோகவில்லை. கஞ்சி கரைந்து, கட்டு நெகிழ்ந்து, ஒரு மிதவை திரும்பிக்கொண்டது. விமானம் செக்குமாடு போல ஒரே இடத்தில் சுற்றிவிட்டுக் கவிழ்ந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி இழுத்து வந்தேன். லுங்கியைப் பிழிந்துகொண்டிருக்கும்போது உன் போன்.

"ஏறிச்சாபா?"

குரல் அவ்வளவு மெலிந்திருந்தது. "ஏறிச்சுபா" என்றேன்.

"தண்ணி வுட்டுச்சா?"

"ஒரே தம்முல வுட்டுச்சு. கரையோரமா ஒரு சுத்து சுத்திட்டு வந்து எறங்கிச்சு."

நீ சிரித்தாய். பக்கத்துக் கட்டில்காரரிடமும் அதைச் சொன்னது எனக்குக் கேட்டது. அடுத்த ஞாயிறு சரியாகக் கட்டிப் பறக்கவிட்டு, பொய்யை மெய்யாக்கிவிடலாம் என்றிருந்தேன். நீ வெள்ளிக்கிழமையே போய்விட்டாய்.

காரியத்தன்று உன் மனைவி வந்தவர்களிடமெல்லாம் விமானம் ஏறியதையே சொன்னாள். "அவரு கடைசியா சிரிச்சது அதுக்குத்தாண்ணா" என்று என் எதிரில் அழுதாள். அதற்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பது? தெருவில் பார்ப்பவர்கள், "தண்ணியிலேர்ந்து ஏத்துனியாமே" என்கிறார்கள். தலையாட்டுகிறேன். குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்தால் பொழுது சாய்ந்தாவது எழுந்துவிடலாம். இதிலிருந்து எழ வழியில்லை. உன்மேல் கோபம்கூட வந்தது. இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

போன ஞாயிறு கம்பியில் கட்டி எடுத்துப் போனேன். நீ குறித்த இடத்தில்தான் படி இருந்தது. விமானம் நீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது, மிதவைகள் மெல்ல மேலே வந்தன, சட்டென்று தண்ணீர் விட்டுவிட்டது. நான் புளுகிய அதே சுற்றைச் சுற்றி வந்து இறங்கியது. அழுதுவிட்டேன். யாருக்காவது சொல்லப் போனை எடுத்தேன். உன் மனைவிக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். உனக்கும் தெரியும். எல்லோரும் கேட்டு முடித்த சேதி, எனக்கு மட்டும்தான் புதிது. ஈர விமானத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீடு வந்தேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.