பட்டியலில் இல்லாத அறை

காலை 6.10
எனக்குப் பின் இந்த நிரலைப் பராமரிக்க வருபவருக்கு: நான் பெனிட்டா, நிலவில் இருக்கும் நெய்தல் தளத்தின் மென்பொருள் பொறியாளர். இங்கே இரண்டே பேர். மின்பொறியாளர் இசக்கியப்பன் அண்ணாச்சி, சூரியத் தகடுகளில் படிந்த தூசியைத் துடைக்க வெளியே போயிருக்கிறார். பூமியிலிருந்து வந்த அப்டேட்டை இப்போதுதான் ஏற்றினேன். காற்று, வெப்பம், கதவுகள் எல்லாம் இதன் பொறுப்பு. முழுதாக இயங்கத் தொடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கதவுகள் திறக்காது. அண்ணாச்சி திரும்ப எப்படியும் மதியமாகும். பழைய பதிப்பின் நகல் பத்திரமாக இருக்கிறது. நகல் எடுக்காமல் எதையும் தொடாதீர்கள்.

காலை 7.25
இயங்கத் தொடங்கியது. கட்டுப்பாட்டு அறையில் காற்றழுத்தம் பூஜ்யம் என்கிறது. நான் அந்த அறையில்தான் மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த அறையின் கதவு தானே பூட்டிக்கொண்டது. வெளிவாயிலும் பூட்டிக்கொண்டது. தளம் உடைந்துவிட்டதாக நம்புகிறது.

பூமியில் பணியிலிருக்கும் ரியாஸ்: "சென்சார் செத்திருக்கும் மேடம். டென்ஷன் ஆகாதீங்க, பொறுமையா பார்க்கலாம்."

காலை 7.40
பொறுமைக்கு நேரமில்லை. அண்ணாச்சி வாயிலுக்கு வந்துவிட்டார்.

"பெனிட்டா, கதவு தெறக்க மாட்டேங்கு. என் காத்துக் குழாய் எங்கயோ கசியுது. அரை மணி நேரத்துக்குத்தான் வரும் பாத்துக்கோ."

பழைய பதிப்புக்குத் திரும்பினால் மறுபடி ஒரு மணி நேரக் காத்திருப்பு. ஆகாது. கட்டுப்பாட்டு அறையை அறைகளின் பட்டியலிலிருந்தே நீக்கினால், மற்ற இடங்கள் நலம் என்று கண்டு நிரல் வாயிலைத் திறக்கும். ஒரே ஒரு வரி. ஓடும் நிரலில் சோதிக்காமல் கைவைக்கக் கூடாது என்று எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்! இன்னொருவர் கண்ணாவது படட்டும் என்று ரியாஸுக்கு அனுப்பினேன்.

"லைன் கரெக்ட்தான் மேடம். ஆனா லிஸ்ட்ல இல்லாத ரூமை அது என்ன பண்ணும்னு புரோகிராம்ல எங்கயுமே எழுதல."

நானும் தேடினேன். எழுதவில்லை.

காலை 7.49
ஓட்டிவிட்டேன். வெளிவாயில் திறந்தது. அண்ணாச்சி வாயில் அறைக்குள் வந்துவிட்டார். அங்கே காற்று நிரம்பக் கால் மணி நேரம் ஆகும். "பொழைச்சேன் தாயி" என்கிறார்.

காலை 7.53
என் தலைக்கு மேல் காற்று வரும் சத்தம் நின்றுவிட்டது. பட்டியலில் இல்லாத அறைக்குக் காற்று எதற்கு? ஆனால் உள்ளே இருப்பதை உறிஞ்சும் குழாய் பெரிய கூடத்தோடு சேர்ந்தது. அது ஓடிக்கொண்டே இருக்கிறது. கதவு என் கட்டளையைக் கேட்கவில்லை. குழாயின் வாய் கூரையில், கைக்கு எட்டாத உயரத்தில். நாற்காலி தரையோடு பிணைத்தது.

நீக்கிய வரியைத் திருப்பினால் உறிஞ்சுவது நிற்கும். ஆனால் தளம் மறுபடி உடைந்ததாக நம்பி எல்லாவற்றையும் பூட்டும்; வாயில் அறையில் காற்று நிரம்புவதும் நிற்கும். அண்ணாச்சி அதற்குள் மாட்டிக்கொள்வார்.

"மேடம், அவர்கிட்ட சொல்லிடவா?"
வேண்டாம் என்றேன். சொன்னால் திருப்பு என்பார்.

காலை 7.58
காது அடைக்கிறது. திருப்பும் கட்டளையைத் தயாராக எழுதி வைத்துவிட்டேன். ஒரு பொத்தான் மட்டும் மிச்சம். வாயில் அறையில் காற்று நிரம்பியதும் இங்கே பச்சை விளக்கு எரியும்; உள்கதவு திறந்து அவர் கூடத்துக்குள் கால் வைத்ததும் அழுத்த வேண்டும். முன்னால் அல்ல.

"ஏட்டி, என்ன பேசவே மாட்டேங்க? கோவமா?"
பேசினால் மூச்சிரைப்பது கேட்டுவிடும்.

காலை 8.02
எழுத்து இரண்டாகத் தெரிகிறது பச்சை விளக்கு இன்னும் இல்லை அம்மாவுக்கு ஒன்றும் சொல்ல வேண்
விரல் பொத்தான் மேல்தான் இருக்கிறது முன்னால் அல்ல முன்னா

காலை 9.30
இதை எழுதுவது இசக்கியப்பன். உள்கதவு திறந்ததும் ரியாஸ் தம்பி கத்திச் சொல்லிவிட்டான். பொத்தானை அவள் அழுத்தியிருக்கவில்லை. உறிஞ்சும் மோட்டாரின் மின்கம்பியை வெட்டினேன். கதவுத் தாழை அறுத்தேன். நீலம் பாரித்துக் கிடந்தாள். ஆக்சிஜன் வைத்துக் கொஞ்ச நேரத்தில் இருமினாள். பிழைத்துக்கொண்டாள்.

சென்சாரைக் கழற்றிப் பார்த்தேன். அது சாகவில்லை. பழைய வகை சென்சாரைப் புது அப்டேட் பூஜ்யமாகப் படிக்கிறது, அவ்வளவுதான். அதைச் சொன்னதும் முகமூடியை விலக்கிவிட்டு, ரியாஸிடம் கேட்கச் சொன்னாள்: இந்த அப்டேட் வேறு எங்கே போயிருக்கிறது?

ரியாஸ் தம்பி அனுப்பிய பதிவுகளைத் திறந்து பார்த்தான்.

"மருதம் தளத்துக்கு நேத்தே போயிடுச்சு சார். அங்க எல்லாமே பழைய சென்சார். பதினோரு பேர். சிக்னல் கோளாறுன்னு நெனச்சு நேத்து ராத்திரியிலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம்."