பிரவுன் ஷூவோட லிங்க்

செவ்வாய், ராத்திரி

"இன்னா பாய், கண்ணு தெரியலையா?"ன்னு இன்னிக்கு ஃபேக்டரில முதலாளி யூசுப் பாயைப் பார்த்து எல்லார் முன்னாடியும் கத்தினார். எங்ககிட்ட ஷூ வாங்குற ஜெர்மனி பையர் கேட்டது பிரவுன் ஷூ. சாம்பிள் ரூம்ல பாய் மாதிரிக்குச் செஞ்சு வெச்சது கருப்பு. பையர் மெயில்ல எங்க வெப்சைட்ல இருந்து அந்த ஷூவோட லிங்க்கை மட்டும்தான் அனுப்பியிருந்தார்.

"அதைத் திறந்தா கருப்புதான் சார் வந்துச்சு"ன்னார் பாய்.

"காலையில நானே திறந்து பார்க்கிறேன்"னுட்டு முதலாளி போய்ட்டார்.

நான் நைசா என் சீட்டுக்கே திரும்பிட்டேன். வெப்சைட் செஞ்சது நான். எல்லா ஷூவும் ஒரே பக்கத்துல. சைட்டுக்குள்ள இருந்து தொட்டா ஒவ்வொண்ணும் அழகா மாறும். எந்த லிங்க்கை வெளியில இருந்து திறந்தாலும் முதல் ஷூ, அந்தக் கருப்புதான் வரும். கூகுளுக்கும் அது ஒண்ணுதான் தெரியும். "தேடினா ஒரே ஷூதான் வருது, ஏன்?"னு போன மாசமே முதலாளி கேட்டார். கொஞ்ச நாள் ஆகும் சார்னு சமாளிச்சேன்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு ஷூவுக்கும் தனிப் பக்கம், தனி முகவரி போட்டேன். என் லேப்டாப்ல திறந்தா பழைய லிங்க்கும் இப்ப சரியான ஷூவுக்கே போகுது. ரெண்டு மணி நேர வேலை. இதைப் போய் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

சைட்ல ஏத்தப் போனப்பதான் கை நின்னுடுச்சு. இப்ப ஏத்தினா காலையில முதலாளிக்குப் பிரவுன்தான் வரும். பாய் சொன்னது பொய்னு ஆய்டும். என் பேர் வெளியவே வராது.

அதை நினைச்சதும் ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதிதான் இப்ப தூங்க விடல.

ஏத்தாம லேப்டாப்பை மூடிட்டேன். காலையில எல்லார் முன்னாடியும் அந்த லிங்க் கருப்பையே காட்டட்டும்.