பொன்மணியைப் பற்றி வந்த செய்தி

விஸ்வநத்தம்,
ஜூலை 3

அன்புள்ள தம்பி காளீஸ்வரனுக்கு,

அக்கா எழுதுவது. இடது கைக்கட்டை நாளைக்குப் பிரிக்கிறார்கள். நீ நேரத்துக்குச் சாப்பிடு. போனில் பேசினால் அழுகை வந்துவிடும், அதனால்தான் கடிதம்.

நீ நிருபராக இருக்கிற பேப்பரை, என்னோடு வேலை பார்த்த பொன்மணியின் வீட்டுக்காரர் சங்கிலிமுத்து அண்ணன் கொண்டுவந்து காட்டினார். பொன்மணி செல்போன் பேசிக்கொண்டே வெடிமருந்து செலுத்தியதால்தான் பட்டாசுக் கம்பெனி வெடித்து அவளும் இன்னும் ஏழு பேரும் செத்தார்கள் என்று போட்டிருக்கிறது. மேலே உன் பெயர்.

எங்கள் போனையெல்லாம் கம்பெனி வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பதினோரு பேர் இருந்தோம். "இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம், ரெண்டு பேரையாவது வெளிய அனுப்புங்க" என்று பொன்மணி போர்மேனிடம் கேட்டதை ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொன்னேனே. நீயும் நோட்டில் எழுதிக்கொண்டாய்.

யாரோ உன் பெயரைப் போட்டு மாற்றியிருக்கிறார்கள். யாரென்று விசாரித்து எழுது.

பிரியமுள்ள அக்கா,
வள்ளித்தாய்

விருதுநகர்,
ஜூலை 7

அன்புள்ள அக்காவுக்கு,

யாரும் மாற்றவில்லை. நான்தான் எழுதினேன்.

போர்மேன் சொன்னதை மட்டும் போட்டேன். உங்கள் கம்பெனி முதலாளி தேர்தலில் நிற்கிறார். அவர் ஜெயித்தால் நம் தெருவுக்குக் குடிதண்ணீர் வரும் என்று மூன்று மாதமாக எழுதுகிறேன், நம்பித்தான் எழுதுகிறேன். ஓட்டுப்பதிவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அதைக் கெடுக்க மனம் வரவில்லை. பேப்பர் ஆசிரியர்கூட, "வேலை பாத்தவங்க தரப்பு இல்லையாப்பா?" என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன்.

செத்தவளுக்கு இதனால் என்ன ஆகிவிடும் என்று நினைத்துவிட்டேன். தேர்தல் முடிந்ததும் திருத்திப் போடுகிறேன். அதுவரை வெடிவிபத்து விசாரணையில் எதுவும் சொல்லாதே அக்கா.

தம்பி,
காளீஸ்வரன்

விஸ்வநத்தம்,
ஜூலை 11

காளீஸ்வரனுக்கு,

உன் கடிதத்தில் "நான்தான்" என்பதைத் தாண்டி முதலில் படிக்கவே முடியவில்லை. சோறு கரிந்த வாடை வந்த பிறகுதான் எழுந்தேன்.

நேற்று விசாரணைக்குப் போனேன். அதிகாரியின் மேசையில் உன் செய்தி இருந்தது. சங்கிலிமுத்து அண்ணன் அதைத் தொட்டுக் காட்டி, "எம் பொண்டாட்டி ஏழு பேரைக் கொன்னவளா சார்?" என்று கேட்டார்.

நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்.

"இதை எழுதினவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்க ஊர்க்காரரு" என்றேன்.

வள்ளித்தாய்