இரண்டும் இடது கால்

ஸ்டெல்லா, என் கண்ணே,

உன் புரொப்பல்லரை இன்று மறுபடி ஓட்டினோம். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, நம் ஆளில்லா விமானத்துக்காக நீ செய்துவைத்த இரண்டு பிளேடையும் போன வாரம் லேபில் மாட்டினோம். காற்று அழுத்தும்போது பிளேடு தானாகச் சற்று முறுக்கிக்கொள்ள வேண்டும். அதுதானே உன் ஆராய்ச்சி? வேகம் ஏற ஏற சோதனை மேடையே உதறியது. மேசையில் இருந்த டீ சிந்தியது. கைடு சார் நிறுத்தச் சொன்னார். "இந்த டிசைன் ஆகாதும்மா. ரிப்போர்ட்ல இருந்து எடுத்துடுங்க."

நேரே உன் மேசைக்குப் போனேன். நீ வெட்டியதில் மிஞ்சிய கார்பன் துணித் துண்டுகள் அங்கேயே இருந்தன, முகத்தோடு முகம் வைத்து, இரண்டிரண்டாக. லீவு நாட்களில் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டிய கை உன்னுடையது. இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. அச்சு ஒன்றே என்பதால் வெளியே இரண்டு பிளேடும் ஒன்றுபோல இருந்தன. உள்ளே இழைகள் எதிரெதிராகச் சாய்ந்திருந்தன. ஒன்று இப்படி முறுக்க, மற்றது அப்படி முறுக்கியிருக்கிறது. உன் கணக்கில் பிழை இல்லை. கையில்தான்.

சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் உன் டிசைனோடு உன் பெயரும் போய்விடும். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

சொல்லிவிட்டேன். நம்மோடு படிக்கும் இம்ரான் உன் காலி நாற்காலியைப் பார்த்து, "இன்னா ஸ்டெல்லா, ஏரோப்ளேனுக்கும் ஷூ தைச்சிட்டியா!" என்றான். சொன்னவனுக்கே குரல் உடைந்தது. சார் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவைதான். இதுவும் உதறினா விட்டுடணும்."

புதிதாக இரண்டு பிளேடுக்கும் துணியை இடது காலாகவே வெட்டினேன்.

இன்று வேகம் ஏறியது. போன தடவை உதறிய இடம் வந்தது. இம்ரானின் விரல் நிறுத்தும் பட்டன் மேல். "இருடா, இரு" என்றேன். வேகம் அந்த இடத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. டீ கிளாஸிலேயே இருந்தது.

உன் அம்மாவுக்கு போன் பண்ணி எல்லாம் சொன்னேன். "ஜோடியாதான் வெட்டுவா. வேற எப்படி வெட்டுவா?" என்றார்.

ரிப்போர்ட்டில் உன் பெயர் முதலில் வரும். இந்தப் பிழையும் வரும், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நம் விமானம் பறக்கும் நாளில் உன் அம்மா என் பக்கத்தில் நிற்பார்.

என்னையும் மகளாக்கி அவர் இப்போது "பெரியவளே" என்று கூப்பிடும்,
உன் அக்கா தேன்மொழி