அக்காவின் அம்மி கப்பலேறியது

அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய என் அக்காவுக்கு,

உன் அம்மிக்கல்லைக் கடல் கடந்து கொண்டுபோவது என்று நம் குடும்பம் தீர்மானித்துவிட்டதை முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். இது அவசர முடிவல்ல. தேசத்தை இரண்டாகப் பிரித்தவர்கள்கூட இந்த அளவுக்கு யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம். பினாங்கில் கல்லே கிடையாதா என்று நான் எதிர்த்துப் பேசினேன். "கல்லு கெடைக்கும் மாமா. அது அண்ணி அரைச்ச கல்லா இருக்குமா?" என்றாள் சரோஜா. தீர்மானம் நிறைவேறியது.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். நீ கண்ணை மூடிய மறு வருஷம் பினாங்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. இரண்டு வருஷம்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்குப் பேசியாயிற்று. நான், மனைவி சரோஜா, பையன்கள் மூர்த்தி, சின்னவன் பாபு, உன் பெண் தனம், ஆக ஐந்து பேர். அத்தான் யுத்த காலத்தில் கப்பலேறிப் போய்த் திரும்பாததிலிருந்து உனக்குக் கப்பல் என்றாலே ஆகாது என்று தெரியும். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ சொன்னது, "என் பொண்ண வுட்டுட்டு எங்கயும் பூடாதடா" என்பதுதான். போகவே கூடாது என்று நீ சொல்லவில்லை. சட்டப்படி நான் சரி.

சட்டம்தான் சரியாக இல்லை. பாஸ்போர்ட்டில் மனைவிக்கு இடம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது. அக்கா மகளுக்கு இடம் இல்லை. தனத்தை என் மூத்த மகள் என்று எழுதிவிட்டேன். எனக்கு எழுதும் கடிதத்தைப் பத்திரிகையில் போடுகிறாயே, அதிகாரிகள் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்பாய். நம் அதிகாரிகள் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை.

எழுதினால் போதாது, கேட்டால் சொல்லவும் வேண்டுமே. ராயபுரம் வீட்டில் தினமும் சாயங்காலம் பாடம் நடந்தது.

"இவரு யாரு?" என்பாள் சரோஜா.

"மாமா."

"மாமா இல்லடி. அப்பா. சொல்லு."

"அப்பா. அப்போ நீ யாரு அத்தை?"

சரோஜா அடுப்பில் எதுவும் இல்லாதபோதே அடுப்படிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அந்த இரண்டாவது கேள்வியை அவள் பாடத்தில் சேர்க்கவே இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

பெரிய பெட்டிகளை முதல் நாளே துறைமுகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அவை கப்பலின் அடிவயிற்றுக்குப் போய்விடும். அம்மிப் பெட்டியைத் தூக்கிய கூலிக்காரர் பாதி தூரத்தில் இறக்கி வைத்து என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, கோயில பேத்து எட்த்துக்கினு போறியா?"

"அம்மிக்கல்லுப்பா."

"கல்லா? அந்த நாட்டு பேரே மலையான்றாங்கோ. நீ இங்கேந்து கல்லு கொண்டுகினு போறே. பேஜாருப்பா உன்னோட."

குழவியை மட்டும் பெட்டியில் வைக்கவில்லை. உருண்டு பாத்திரங்களை நசுக்கிவிடும் என்று சரோஜா தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை வீட்டுச் சாவியை, புதிதாகக் குடிவருபவர்களிடம் கொடுத்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போனோம். சோதனைக் கொட்டகையில் இருந்த அதிகாரி வடக்கத்திக்காரர். தமிழ் கொஞ்சம் புரியும். மீதியை அவருடைய பியூன் புரியவைப்பான். அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைக் காட்டித் தனத்திடம் யார் என்று கேட்டார்.

"எங்க அப்பா" என்றாள் உன் மகள். பினாங்கு வரைக்கும் கேட்டிருக்கும்.

எனக்கு உயிர் வந்தது. அவர் மூர்த்தியிடம் அதையே கேட்டார்.

"மாமா" என்றான் மூர்த்தி.

அக்கா, நம் வீட்டில் முதலில் பேசக் கற்றது தனம். அவள் மாமா என்றாள். பின்னால் பிறந்தவர்கள் அவளைப் பார்த்து என்னை மாமா என்றார்கள். அவர்கள் அம்மாவே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். நீயும் நானும் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். அக்கா மகளுக்கு அப்பா என்று சொல்லக் கற்றுக்கொடுத்த நான், பெற்ற பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. உனக்குத் தோன்றியிருக்குமா?

தனம் மூர்த்தியின் விலாவில் இடித்தாள். "அப்பான்னு சொல்லுடா, கேனே!" அந்தச் சத்தத்தில் பாபு பயந்துபோய் "மாமா, மாமா" என்று அழுதுகொண்டே என் காலைக் கட்டிக்கொண்டான். அதிகாரி கடைசி நம்பிக்கையாகச் சரோஜாவைப் பார்த்தார். நான் யார் என்று கேட்டார். அவள் பிறந்ததிலிருந்து ஓர் அதிகாரியோடு பேசியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னாள்.

"எங்க மாமா."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"அந்தம்மாக்கும் மாமாவாம் ஸார்" என்று பியூன் தன் கடமையைச் செய்தான். பிறகு என் பக்கம் சாய்ந்து, "இன்னா நைனா, அந்தப் பொண்ணு ஒண்ணுதான் உன்னுதா?" என்றான். எங்கள் வழக்கத்தை அவனுக்கு விளக்கினேன். நல்லவன், உடனே புரிந்துகொண்டான். "எங்க வூட்லயும் அப்டித்தான் ஸார், என் புள்ள என்ன அண்ணான்னுதான் கூப்புடுவான்" என்று அதிகாரியிடம் எடுத்துச் சொன்னான். அதிகாரி அவனையும் சந்தேகமாகப் பார்த்தார்.

தீர்ப்பு இதுதான். நானும் என் மூத்த மகளும் கப்பலேறலாம், ஆட்சேபணை இல்லை. மற்ற இருவரும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும்வரை அவர்களும் அந்த அம்மாளும் இங்கேயே இருக்க வேண்டும்.

கப்பல் ஊதியது. பள்ளிக்கூடம் எனக்காக அதிக நாள் காத்திருக்காது என்பது தெரியும். "நீ போ மாமா, புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்" என்றாள் சரோஜா. நான் யோசித்தேன், அக்கா. அதை உன்னிடம் மறைப்பானேன்? சின்ன மூட்டையை எடுத்துக்கொண்டு தனத்தின் கையையும் பிடித்தேன். அவள் நகரவில்லை.

"தம்பிங்கள வுட்டுட்டு நான் வரலப்பா" என்றாள்.

அந்த வாக்கியம் பாடத்தில் இல்லை.

இப்போது திருவொற்றியூரில் சரோஜாவின் தம்பி வீட்டு முன்னறையில் இருக்கிறோம். வெளிநாட்டில் தற்காலிகமாகக் குடியிருக்கக் கிளம்பியவர்களுக்கு உள்ளூரிலேயே அந்த வசதி கிடைத்துவிட்டது. மூட்டைகளை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவற்றின் மேலேயே சாய்ந்து தூங்குகிறோம். கடலில் எந்தக் கப்பல் ஊதினாலும் ஐந்து பேரும் எழுந்து உட்காருகிறோம். மூர்த்தி, பாபு பிறந்ததற்கான தாள்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பினாங்குப் பள்ளிக்கூடத்திலிருந்து, இன்னும் ஒரு கப்பல்வரை பொறுப்பதாகப் பதில் வந்திருக்கிறது. பையன்களுக்குப் பாடம் நடக்கிறது, தனம்தான் வாத்தியார். முன்னேற்றம் இல்லை.

உன் மகள் என்னை அப்பா என்பதை நிறுத்தவில்லை. சரோஜாவை அத்தை என்பதையும் நிறுத்தவில்லை. அடுத்த முறை அதிகாரி சரோஜாவைக் காட்டி யார் என்று தனத்திடம் கேட்டால்? கேட்கட்டும். அந்த வார்த்தையை அவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை, அது உன்னுடையது. ஏறினால் ஐந்து பேராக ஏறுவோம். இல்லாவிட்டால் ஐந்து பேராக இந்த முன்னறையில் இருப்போம். இது சத்தியம்.

உன் தம்பி,
உன் மகளுக்கு அப்பா,
என் பிள்ளைகளுக்கு மாமா.

பி.கு.: அம்மி பினாங்கில் இறங்கி, நமக்காகப் பேசிய அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. குழவி சரோஜாவின் கைப்பையில் இருக்கிறது.